கொடி ஏறிய பிறகு கேட்கலாம் என்று விட்ட கணக்கு

2011 ஜூலை 9. ஜூபா நகரத்தில் தென் சூடானின் கொடி ஏறிய நாள். எங்களில் சிலர் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம், சிலர் இன்னும் சின்ன வகுப்பில். எங்கட வீடுகளில் அதுவரை ஆபிரிக்காவைப் பற்றிப் பெரிதாக யாரும் கதைத்ததில்லை. அன்றைக்கு மட்டும் கதைத்தார்கள். "பாத்தியா, 98 வீதத்துக்கு மேல வாக்குப் போட்டு ஒரு நாட்டை எடுத்திட்டுது சனம்." சொன்ன குரலில் சந்தோசமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. அந்த வேறு ஏதோ என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

அதன் பிறகு தென் சூடானைப் பற்றி எங்கட வீடுகளில் கதை குறைந்தது. 2013 டிசம்பரில் அங்கே மறுபடி யுத்தம் தொடங்கியபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உதாரணம் காட்டுவதற்கு இனி அது உதவாது என்று ஆகிவிட்டது போல. நாங்களும் மறந்துபோனோம்.

திரும்ப ஞாபகம் வந்தது இரண்டு செய்திகளால். ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் வெளியிட்ட 2024ஆம் ஆண்டுக்கான ஊழல் பட்டியலில் 180 நாடுகளில் கடைசி இடம் தென் சூடானுக்கு: நூற்றுக்கு 8 புள்ளி. அடுத்தது, 2025 செப்ரெம்பரில் ஐ.நா.வின் தென் சூடான் மனித உரிமை ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை. சுதந்திரம் கிடைத்ததில் இருந்து அந்த அரசாங்கத்துக்கு எண்ணெயால் மட்டும் வந்த வருமானம் 25 பில்லியன் டொலருக்கும் அதிகம் என்கிறது அது. சனத்தொகை ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும் ஒரு நாடு. பிறந்த குழந்தையையும் சேர்த்துப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2,000 டொலர். அதே நாட்டில் ஆசிரியர்களும் தாதிகளும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். பாதிச் சனத்துக்கு மேல் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நிச்சயமில்லை.

இந்தக் காசு எங்கே போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அதைவிட முக்கியமாக, அது போகும்போது ஏன் ஒருவராலும் கேட்க முடியவில்லை என்பதையும்.

எண்ணெயும் யுத்தமும்

தென் சூடானின் எண்ணெய்க் கதை 1970களின் கடைசியில் தொடங்குகிறது. செவ்ரொன் கொம்பனி 1978இல் பென்டியூவுக்கு அருகில் எண்ணெய் கண்டுபிடித்தது. அப்போது முழுச் சூடானுக்கும் ஒரே அரசாங்கம், கார்ட்டூமில். எண்ணெய் இருந்ததோ தெற்கில். சுத்திகரிப்பு நிலையத்தைத் தெற்கில் கட்டவேண்டும் என்று தெற்குச் சனம் கேட்டது. வடக்கிலுள்ள கொஸ்தியில் கட்டுவோம் என்றது அரசாங்கம். பிறகு அதுவும் இல்லை, குழாய் போட்டு நேராகச் செங்கடலுக்குக் கொண்டுபோவோம் என்றது. எண்ணெய் உள்ள பகுதிகளின் எல்லைகளை மாற்றி வரையவும் பார்த்தார்கள். 1983இல் இரண்டாவது யுத்தம் தொடங்கியதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் "எங்கட நிலத்தில் இருந்து எடுத்து எங்களுக்கே காட்டாமல் கொண்டுபோறாங்கள்" என்ற கோபம் அதில் பெரிய பங்கு. 1984இல் செவ்ரொனின் முகாம் தாக்கப்பட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். கொம்பனி வேலையை நிறுத்தியது.

பிறகு சீன, மலேசிய, கனேடியக் கொம்பனிகள் வந்தன. 1999இல் செங்கடலோரத்துப் போர்ட் சூடான் வரை ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் குழாய் போட்டு முடித்தார்கள். குழாயும் கிணறும் இருந்த இடங்களில் சனம் இருக்கக்கூடாது என்பதுதான் கார்ட்டூமின் கொள்கை. யூனிட்டி பகுதியில் குண்டுவீச்சு விமானமும் கூலிப்படையும் சேர்ந்து கிராமங்களைக் காலி செய்தன. அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த சுவீடன் நாட்டு லுண்டின் கொம்பனியின் முன்னாள் தலைவர்கள் இருவர் மீது, யுத்தக் குற்றங்களுக்கு உடந்தையாக இருந்தார்கள் என்று ஸ்டொக்ஹோமில் வழக்கு. விசாரணை 2023 செப்ரெம்பரில் தொடங்கியது. இருவரும் மறுக்கிறார்கள். சம்பவம் நடந்து இருபது வருசத்துக்குப் பிறகாவது கேட்க ஒரு நீதிமன்றம் கிடைத்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடுதலை இயக்கம் கேட்டது நியாயமான கேள்வி: எங்கட எண்ணெய்க் காசு எங்கே போகிறது? 22 வருசம் அந்தக் கேள்விக்காகவும் சனம் செத்தது. அதே கேள்வியைத் தங்கட சொந்த அரசாங்கத்திடம் கேட்கப் போனபோதுதான் கதை மாறியது.

கணக்கில்லாத முதல் ஆறு வருசம்

2005 ஜனவரியில் சமாதான உடன்படிக்கை. தெற்கின் எண்ணெய் வருமானம் வடக்குக்கும் தெற்குக்கும் பாதிக்குப் பாதி என்று முடிவானது. காட்டில் இருந்து வந்த இயக்கத்தின் கையில் திடீரென்று பில்லியன் கணக்கில் டொலர். அந்த வருசம் ஜூலையில் இயக்கத்தின் தலைவர் ஜோன் கராங் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். சல்வா கீர் தலைமைக்கு வந்தார்.

அரசாங்கம் என்று சொல்ல அப்போது அங்கே கட்டடமே குறைவு. கணக்காளர் இல்லை, கேள்விப்பத்திர முறை இல்லை, வங்கிகள்கூட அதிகம் இல்லை. இதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அரை நூற்றாண்டு யுத்தத்தால் அழிந்த இடம் அப்படித்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் யார் என்பதுதான் விசயம். நேற்றுவரை தளபதியாக இருந்தவர் இன்று அமைச்சர். அவருடைய மச்சானுக்கு ஒரு கொம்பனி. அந்தக் கொம்பனிக்கு ஒரு கொந்தராத்து.

'துரா' விவகாரம் என்று அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது. துரா என்றால் அவர்களின் அன்றாடச் சாப்பாடான சோளம், எங்களுக்கு அரிசி மாதிரி. 2008இல் பஞ்சம் வரப்போகிறது, சோளம் வாங்கிச் சேமிக்கவேண்டும், களஞ்சியம் கட்டவேண்டும் என்று நூற்றுக்கணக்கான கொம்பனிகளுக்குக் கொந்தராத்து கொடுத்தார்கள். பல கொம்பனிகள் பெயருக்குத்தான் இருந்தன. காசு போனது. சோளம் பெரும்பாலும் வரவில்லை. பசிக்கப்போகும் சனத்தின் பெயரிலேயே எடுத்த காசு அது.

அந்த நேரத்தில் ஏன் பெரிதாகச் சத்தம் வரவில்லை? வந்தது, ஆனால் அமத்தப்பட்டது. "2011இல் வாக்கெடுப்பு வரப்போகுது. இப்ப இதைக் கிளப்பினால் கார்ட்டூமுக்குத்தான் கொண்டாட்டம். முதல் நாடு, பிறகு கணக்கு." சனம் மட்டுமல்ல, உதவி கொடுத்த மேற்கு நாடுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த வசனம் எங்களுக்குப் புதிது இல்லை.

ஜனாதிபதி எழுதிய கடிதம்

கொடி ஏறியபோது பழைய சூடானின் எண்ணெயில் முக்கால்வாசி தெற்கிடம் வந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350,000 பீப்பாய். அரசாங்க வருமானத்தில் 98 வீதம் எண்ணெய். ஆனால் குழாய் வடக்கு வழியாகத்தான் போகிறது. வடக்கு ஒரு பீப்பாய்க்கு 30 டொலருக்கு மேல் வழிக்கூலி கேட்டது, தெற்கு மறுத்தது. வடக்கு கப்பலில் ஏற்றவேண்டிய எண்ணெயை எடுத்துக்கொண்டது. 2012 ஜனவரியில் தெற்கு எல்லாக் கிணறுகளையும் மூடியது. 98 வீத வருமானத்தை ஓர் அரசாங்கம் தானே நிறுத்திய கதை உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது. சனம் அதற்கும் கைதட்டியது. மானம் பெரிது.

கஜானா காய்ந்துகொண்டிருந்த அந்த வருசம் மே மாதத்தில்தான் ஜனாதிபதி சல்வா கீர் ஒரு கடிதம் எழுதினார். பதவியில் இருந்த, முன்பு இருந்த 75 பேருக்கு. ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் காணாமல் போயிருக்கிறது, எடுத்தவர்கள் திருப்பித் தாருங்கள், பெயர் வெளியில் வராது, மன்னிப்பும் உண்டு என்று. சுதந்திரத்துக்கும் நீதிக்கும் போராடினோம், எத்தனையோ நண்பர்கள் செத்தார்கள், அதிகாரத்துக்கு வந்தபிறகு எதற்காகப் போராடினோம் என்பதை மறந்து எங்களையே வளப்படுத்தத் தொடங்கிவிட்டோம் என்ற கருத்தும் அதில் இருந்தது. காசைத் திருப்பிப் போடக் கென்யாவில் ஒரு வங்கிக் கணக்குக்கூடத் திறந்தார்கள். அதுவரை திரும்பி வந்ததாகச் சொல்லப்பட்டது ஏறக்குறைய 60 மில்லியன்.

இந்தக் கடிதத்தை எங்கள் குழுவில் சத்தமாக வாசித்துப் பார்த்தோம். ஒருவருக்கு அது நேர்மையாகப் பட்டது. இன்னொருவர் கேட்டார்: "கள்ளனுக்கு இரகசியமாகக் கடிதம் எழுதுறது எந்த ஊர்ச் சட்டம்?" சரியான கேள்வி. பெயரும் தொகையும் வழக்குத் தொடுநருக்குப் போகவேண்டியவை. அவை நண்பர்களுக்கிடையிலான ஒரு வருத்தமாக மாறிவிட்டன. எழுதியவரே அந்த ஆட்சியின் தலைவர். அந்த 75 பேரில் ஒருவர்கூட அந்தக் காசுக்காகச் சிறை போனதாகச் செய்தி இல்லை.

அடுத்த வருசம் இரண்டு மூத்த அமைச்சர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள். அரச அலுவலகங்களுக்குத் தீப்பிடிக்காத பணப்பெட்டகம் வாங்குவதாகச் சொல்லி ஒரு கொம்பனிக்கு ஏறக்குறைய 8 மில்லியன் டொலர் அனுப்பியது பற்றி விசாரணை என்றார்கள். காசைப் பாதுகாக்க வாங்கிய பெட்டகத்திலேயே காசு காணாமல் போன கதை. ஒரு மாதத்தில் முழு அமைச்சரவையையும், துணை ஜனாதிபதி ரீக் மச்சாரையும் சேர்த்து, கீர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கடுத்த டிசம்பரில் யுத்தம்.

இடையில் ஒரு மனிதரைச் சொல்லவேண்டும். ஐசையா ஏப்ரகாம் என்ற பெயரில் பத்திகள் எழுதியவர். முன்னாள் போராளி. இணையத் தளங்களில் அரசாங்கத்தை விமர்சித்து எழுதி வந்தார். 2012 டிசம்பரில் ஜூபாவில் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கீரின் கடிதம் வந்து ஏழு மாதம்தான். உள்ளுக்குள் ஒப்புக்கொள்ளலாம், வெளியில் கேட்கக்கூடாது என்பதுதான் அந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எங்களுக்கு விளங்குவது.

களவு எப்படி வேலை செய்கிறது

"ஊழல்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் பயன்.

முதலாவது, முற்பணம். மசகு எண்ணெய் நிலத்துக்குக் கீழே இருக்கும்போதே அதை விற்கலாம். வெளிநாட்டு எண்ணெய் வியாபாரிகள் வட்டியும் கட்டணமும் பிடித்துக்கொண்டு முற்பணம் தருவார்கள், பிறகு வரும் கப்பல்களில் எண்ணெயாகக் கழித்துக்கொள்வார்கள். யுத்தத்தின்போது தென் சூடானின் எண்ணெய் வருமானத்தில் கணிசமான பங்கு இப்படித்தான் வந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2017இல் சொன்னது. பாராளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துப் பார்க்கும்போது காசு ஏற்கனவே செலவாகியிருக்கும். அடுத்த அரசாங்கம், அடுத்த தலைமுறை எல்லாருமே கடன்காரர். எங்கட ஊரில் விளையாத நெல்லை முதலாளிக்கு எழுதிக் கொடுக்கிற கதைதான். என்ன வித்தியாசம் என்றால் இங்கே எழுதிக் கொடுத்தவர் வயல்காரர் இல்லை.

இரண்டாவது, டொலர் விலை. 2015 வரை அங்கே ஒரு டொலருக்கு அரசாங்க விலை 3 பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. கறுப்புச் சந்தையில் அந்த வருசக் கடைசியில் 18 வரை போனது. அரசாங்கம் சொல்லும் விலைக்கு டொலர் எடுக்கும் செல்வாக்கு உள்ளவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. காலையில் மத்திய வங்கியில் வாங்கிப் பின்னேரம் சந்தையில் விற்றால் ஆறு மடங்கு. உணவும் மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்யவென்று வெளிநாட்டு வங்கிகளிடம் எடுத்த ஏறக்குறைய ஒரு பில்லியன் டொலர் கடனும் இந்த வழியில்தான் போனது. கடன் பத்திரம் கிடைத்த கொம்பனிகளில் பல, பொருளே கொண்டுவரவில்லை என்று 'த சென்ட்ரி' என்ற புலனாய்வு அமைப்பு ஆவணங்களோடு எழுதியது. வைத்தியசாலையில் மருந்து இல்லை. மருந்துக்கான கடன் மட்டும் நாட்டின் தலையில்.

மூன்றாவது, அரச எண்ணெய்க் கொம்பனி. நைல்பெட் என்று பெயர். அரசாங்கத்தின் பங்கு எண்ணெயும் சலுகை விலை எரிபொருளும் அதன் கையால்தான் போகும். கொம்பனி என்பதால் வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே. கணக்கறிக்கை வெளியில் வராது. யுத்தம் தொடங்கிய பிறகு 2014, 2015இல் அதன் மூலம் அரசியல்வாதிகளுக்கும் படைத்தரப்புக்கும் ஆயுதக் குழுக்களுக்குமாக 80 மில்லியன் டொலருக்கு மேல் போனதாக சென்ட்ரி 2018இல் குற்றம் சாட்டியது. அதே மாதம் அமெரிக்கா நைல்பெட்டையும் எண்ணெய் அமைச்சையும் சேர்த்து 15 தென் சூடான் எண்ணெய் நிறுவனங்கள் மீது வர்த்தகக் கட்டுப்பாடு போட்டது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றவர்கள் நாங்கள். மசகு எண்ணெயை ஏற்றுமதி செய்யும் ஒரு நாட்டின் தலைநகரிலும் அதே வரிசை நின்றிருக்கிறது. வித்தியாசம், அங்கே எரிபொருள் பக்கத்து ஒழுங்கையில் கறுப்புச் சந்தை விலைக்குக் கிடைத்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றுமே சட்டத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடக்கின்றன. ஒப்பந்தம் இருக்கும், கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். கள்ளன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

கிணற்றுக்குப் பக்கத்தில் பஞ்சம்

2017 பெப்ரவரியில் தென் சூடானின் ஒரு பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. உத்தியோகபூர்வமாக அறிவித்தது. அந்தப் பகுதி எது? யூனிட்டி. செவ்ரொன் முதன்முதலில் எண்ணெய் கண்ட அதே மாநிலம். லீர், மயென்டிட் என்ற இரண்டு இடங்களில் ஏறக்குறைய 100,000 பேர் பட்டினியின் கடைசிக் கட்டத்தில். அந்த நேரத்தில் அரசாங்கம் தன் செலவில் குறைந்தது பாதியைப் பாதுகாப்புக்கும் ஆயுதத்துக்கும் போட்டுக்கொண்டிருந்தது என்றது நிபுணர் குழு. பஞ்சம் அறிவித்துச் சில வாரத்தில், வெளிநாட்டு உதவிப் பணியாளர் ஒருவருக்கான வேலை அனுமதிக் கட்டணத்தை 100 டொலரில் இருந்து 10,000 டொலராக்கப் போவதாக அதே அரசாங்கம் அறிவித்தது. உலகம் கத்தியதால் பிறகு கைவிட்டார்கள். எண்ணெயில் எடுக்க முடியாமல் போனதைப் பசியில் எடுக்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

யுத்தத்தில் இரண்டு பக்கம். கீரின் படை, மச்சாரின் படை. டிங்கா, நுவேர் என்று இனத்தின் பெயரால் இளம் பெடியங்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். 2013இல் இருந்து ஐந்து வருசத்தில் யுத்தத்தாலும் அதன் விளைவுகளாலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 383,000 என்று லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு கணக்கிட்டது. சென்ட்ரி 2016இல் வெளியிட்ட முதல் பெரிய அறிக்கையில் ஒரு தகவல் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சில் தைத்தது. கீரின் குடும்பத்துக்கும் மச்சாரின் குடும்பத்துக்கும் கென்யாவின் நைரோபியில் வீடுகள் இருந்தன. இரண்டும் பணக்காரர் வாழும் ஒரே வட்டாரத்தில். இரண்டு தரப்பும் குற்றச்சாட்டுகளை மறுத்தன. யுத்தம் செய்தவர்களின் பிள்ளைகள் அயலட்டையில் இருந்தார்கள். யுத்தத்தில் செத்தவர்களின் பிள்ளைகள் ஐ.நா. முகாமில், சேற்றுக்குள்.

2018இல் மறுபடி சமாதான உடன்படிக்கை. அதற்குப் பிறகு "எண்ணெய்க்கு வீதி" என்று ஒரு திட்டம். ஒவ்வொரு நாளும் இத்தனை பீப்பாய் எண்ணெய் வீதி போடுவதற்கு என்று ஒதுக்கினார்கள். சுதந்திரம் கிடைத்த நேரத்தில் ஜூபாவில் இருந்து உகண்டா எல்லையிலுள்ள நிமுலேக்குப் போகும் 192 கிலோமீற்றர்தான் நாட்டின் ஒரே நீளமான தார் வீதி. அதுவும் அமெரிக்க உதவியில் 2012இல் முடிந்தது. எனவே வீதி என்றால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? ஐ.நா. ஆணைக்குழுவின் 2025 அறிக்கையின்படி, 2021க்கும் 2024க்கும் இடையில் பெஞ்சமின் போல் மெல் என்ற வர்த்தகருடன் தொடர்புள்ள கொம்பனிகளுக்குப் போன 1.7 பில்லியன் டொலருக்குக் கணக்கு இல்லை. அவர் மீது அமெரிக்கா 2017இலேயே தடை போட்டிருந்தது. 2025 பெப்ரவரியில் அவரையே துணை ஜனாதிபதி ஆக்கினார் கீர். நவம்பரில் நீக்கினார். அறிக்கை வந்தபோது அரசாங்கம் சொன்ன பதில்: நாட்டின் கஷ்டத்துக்குக் காரணம் யுத்தம், காலநிலை மாற்றம், எண்ணெய் விற்பனை குறைந்தது.

அதில் பொய் முழுக்க இல்லை. 2014க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்தது. வடக்குக்குப் பீப்பாய்க்கு ஏறக்குறைய 25 டொலர் கொடுக்கவேண்டிய உடன்பாடு இருந்தபோது சந்தை விலை 30 டொலருக்கு இறங்கியது. 2024இல் சூடானின் யுத்தத்தால் குழாய் வெடித்து ஒரு வருசத்துக்குக் கிட்ட ஏற்றுமதி முடங்கியது. எல்லாம் உண்மை. ஆனால் காசு வந்த வருசங்களிலும் வைத்தியசாலைக்கு மருந்து வரவில்லையே.

நாங்கள் சொல்லாதவை

இதை வாசித்து இரண்டு முடிவுக்கு வருபவர்கள் இருப்பார்கள். இரண்டும் பிழை என்று நினைக்கிறோம்.

ஒன்று: "ஆபிரிக்கா எண்டால் அப்பிடித்தான்." முகநூலில் எங்கட ஆக்களே கூச்சமில்லாமல் எழுதும் வசனம். வைரம் கண்டுபிடித்த பொட்ஸ்வானாவும் ஆபிரிக்காதான். அங்கே பாடசாலையும் வீதியும் வந்தன. தென் சூடானில் முற்பணம் கொடுத்த வியாபாரியும் கடன் கொடுத்த வங்கியும் கிணறு தோண்டிய கொம்பனியும் ஆபிரிக்காவில் இருந்து மட்டும் வந்தவை இல்லை. களவெடுத்த காசு வெளிநாட்டு வங்கி வழியாகப் போய் வெளிநாட்டு வீடாக மாறாமல் இருந்தால் களவே இவ்வளவு இலாபமாக இருந்திருக்காது. பைக்குள் போட்டவரைப் பிடிக்கும்போது பை தைத்துக் கொடுத்தவரையும் பிடிக்கவேண்டும்.

இரண்டு: "அப்ப விடுதலை கேட்டதே பிழை." இல்லை. கார்ட்டூம் அந்தச் சனத்துக்குச் செய்தது வரலாற்றில் இருக்கிறது. எரிந்த கிராமங்கள் உண்மை. 98 வீதம் உண்மை. ஆட்சி கெட்டுப்போனதால் கேட்ட உரிமை பொய்யாகிவிடாது. ஊழலைக் காட்டி உரிமையை மறுப்பவர்களுக்கு நாங்கள் ஆயுதம் எடுத்துக் கொடுக்கத் தயாரில்லை.

"எண்ணெய்ச் சாபம்" என்ற சொல்லும் எங்களுக்குத் திருப்தி தரவில்லை. சாபம் என்றால் செய்தவர் ஒருவரும் இல்லை. அதில் ஒரு உண்மை மட்டும் உண்டு. வரி வாங்கி நடக்கும் அரசாங்கம் கொஞ்சமாவது சனத்துக்குப் பயப்படும். எண்ணெயில் நடக்கும் அரசாங்கத்துக்கு ஒரு கிணறும் ஒரு குழாயும் அவற்றைக் காவல் காக்க ஒரு படையும் இருந்தால் போதும். சனம் உழுதாலும் உழாவிட்டாலும் காசு வரும். அந்த இடத்தில் சனத்தின் கையில் இருக்கும் ஒரே கருவி கேள்விதான். அந்தக் கேள்வியைத்தான் அங்கே முதலில் பறித்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013இல் நிறைவேற்றிய எண்ணெய் வருமான முகாமைத்துவச் சட்டம் எங்கட நாட்டுச் சட்டங்கள் பலவற்றைவிட நன்றாக எழுதப்பட்டது. எண்ணெய் எடுக்கும் மாநிலத்துக்கு 2 வீதம், அங்கே வாழும் சமூகங்களுக்கு 3 வீதம், அடுத்த தலைமுறைக்கு ஒரு நிதியம், வருமானத்தை ஒழுங்காகப் பகிரங்கப்படுத்தவேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. கடதாசியில். பலோச் பக்கத்துக் கிராமச் சனம் அந்த 3 வீதத்துக்குப் பதிலாகக் கண்டது எண்ணெயோடு வந்த கழிவு நீரும், மாடு செத்ததும், குறையோடு பிறந்த பிள்ளைகளுமாகத்தான் இருக்கிறது என்று அங்கே போய்வந்த செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கு

நாங்கள் யுத்தத்துக்குள் பிறந்து, யுத்தம் முடிந்தபின் வளர்ந்தவர்கள். யுத்தம் நடக்கும்போது கணக்குக் கேட்பவர் துரோகி என்பதை இந்தத் தீவில் எல்லாப் பக்கத்திலும் கேட்டிருக்கிறோம். பாதுகாப்புச் செலவைப் பற்றி எழுதிய தெற்கின் பத்திரிகையாளருக்கும் அது நடந்தது. எங்கட பக்கத்தில் "இந்தக் காசு எங்கே போகுது" என்று கேட்டவருக்கும் அது நடந்தது. இன்றைக்கும் ஊரில் ஒரு சங்கத்தின், ஒரு கோயிலின், புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பும் ஒரு நிதியின் கணக்கைக் கேட்டால் முதலில் வரும் பதில் கணக்கு இல்லை. "நீ யாற்ற ஆள்?" என்ற கேள்விதான். எண்ணெய்க் கிணறு இல்லாத இடத்திலேயே இந்தப் பழக்கம் இவ்வளவு உறுதியாக இருக்கிறது. கிணறு இருந்திருந்தால் என்று யோசித்தபோது எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

தென் சூடானில் கணக்குக் கேட்காமல் விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்பியவர்கள். முதலில் யுத்தம் முடியட்டும் என்றார்கள். பிறகு வாக்கெடுப்பு முடியட்டும். பிறகு கொடி ஏறட்டும். பிறகு வடக்கோடு உள்ள சண்டை தீரட்டும். பிறகு கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை. கேட்கத் தொடங்கியிருக்க வேண்டியது 2005இலும் இல்லை. காட்டுக்குள் இருக்கும்போது, மாடும் தானியமும் சனத்திடம் இருந்து இயக்கத்துக்குப் போன நாட்களிலேயே.

அங்கே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறை போயும், நாட்டை விட்டு ஓடியும், இணையத்தில் எழுதியும் கேட்கிறார்கள். ஸ்டொக்ஹோம் வழக்கில் எரிந்த கிராமங்களில் இருந்து வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள்தான் எங்களுக்கு இன்று உதாரணம். 2011இல் எங்கட வீடுகளில் ஜூபாவின் கொடியைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: அந்தச் சந்தோசம் பிழையில்லை. ஆனால் அந்த நாட்டின் கதையைக் கொடி ஏறிய இடத்தில் நிறுத்திவிடாமல், மிச்சத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கட சங்கத்துக் கூட்டத்தில் ஒரு பெடியனோ பெட்டையோ எழும்பிக் கணக்கைக் கேட்டால், யாற்ற ஆள் என்று கேட்காமல் கொப்பியைத் திறந்து காட்டுங்கள்.